சிங்கப்பூர் விமானம் வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு வரும்? ஒரு காரைக்குடி டிரைவரின் கணக்கு

போன வருஷம் ஒரு மத்தியானம் பள்ளத்தூரிலிருந்து போன் வந்தது. பேசியவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. "அண்ணே, பெரியவுக தவறிட்டாக. மூத்த மகன் சிங்கப்பூர்லேருந்து ஏழு மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டுட்டாரு. எத்தனை மணிக்கு வீட்டுக்குள்ள கால் வைப்பாரு? அதச் சொன்னாத்தான் எடுக்குற நேரத்தை முடிவு பண்ண முடியும்."

அவருக்குப் பின்னால் நாலு பேர் நாலு நேரம் சொல்வது எனக்குக் கேட்டது. "ஏழும் நாலும் பதினொண்ணு, பதினோரு மணிக்குத்தான் விமானமே இறங்கும்" என்றது ஒரு குரல். "டிக்கெட்டுல 8.40-ன்னு போட்டிருக்கே, ரெண்டரை மணி நேரம் கழிச்சா ஆறு பத்து" என்றது இன்னொரு குரல். இரண்டுமே தப்பு. விமானம் திருச்சியில் தரை தொடுவது நம் நேரத்துக்கு 8.40. வெளியே வர ஒரு மணி நேரம். பள்ளத்தூர் வீட்டு வாசலுக்கு 11.20, 11.30. "ராத்திரி எடுக்க வேண்டாம்ணே, காலையில வச்சுக்கங்க. மகன் வந்து அப்பா முகத்தை ஆற அமரப் பாக்கட்டும்" என்று சொன்னேன். அப்படியே செய்தார்கள். மகன் வாசலில் இறங்கியது 11.25-க்கு.

காரைக்குடியில் 22 வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். என் சவாரியில் பாதிக்கு மேல் திருச்சி விமான நிலையம்தான். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் மாதிரிச் சாந்தி, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, சாவுக் கேதம் எதுவானாலும் நம் பக்கத்தில் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்தாக வேண்டும். அந்த நேரத்தை விரல்விட்டுச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஆள் வீட்டுக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், இதைப் படித்தே கற்றுக்கொள்ளலாம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கண்டனூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். மகளைப் பார்க்க வருஷம் ஒருமுறை கோலாலம்பூர் போவார். ஒரு தடவை விமானம் மூன்று மணி நேரம் தாமதம். கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து, என் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

முதலில் தூரம்

கூகுளில் கேட்டால் தூரம் வந்துவிடும். ஆனாலும் ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு யாராவது தப்பான எண்ணைச் சொன்னால் காதில் விழும்போதே இடிக்கும்.

கணக்கே பிடிக்காதவர்களுக்கு நூல் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிற உலக உருண்டையை எடுங்கள். திருச்சி இருக்கும் இடத்தில் நூலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சிங்கப்பூர் வரை தொய்வில்லாமல் இழுங்கள். அந்த நீளத்தை விரலால் பிடித்துக்கொண்டு அப்படியே பூமத்திய ரேகையின் மேல் வையுங்கள். எத்தனை பாகையை அடைக்கிறது என்று எண்ணுங்கள். ஏறத்தாழ 27 வரும். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அதை 360-ஆல் வகுத்தால் பாகைக்கு 111 கிலோமீட்டர். 27-ஐ 111-ஆல் பெருக்கினால் 2997. கையளவு நூலுக்கு இது நல்ல துல்லியம்.

நூலை இழுத்துப் பிடித்திருக்கும்போதே அது எந்தெந்த ஊருக்கு மேல் போகிறது என்று குனிந்து பாருங்கள். கோடியக்கரைப் பக்கம் கடலில் இறங்குகிறது. வங்காள விரிகுடாவைச் சாய்வாகக் கடந்து சுமத்திராவின் வடகோடியில் ஆச்சேயைத் தொட்டு, மேடான் பக்கமாகப் போய்ச் சிங்கப்பூரில் முடிகிறது. என் மகள் முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, "அப்பா, பாதிக்கு மேல தண்ணிதான்" என்றாள். நிஜ விமானம் வான்வழிப் பாதைகளை ஒட்டிப் போவதால் நூலைவிடக் கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும்.

இனி வாத்தியார் ஐயாவின் கணக்கு. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். கைபேசி வரைபடத்தில் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும். திருச்சி விமான நிலையம் வடக்கு 10.8, கிழக்கு 78.7. சிங்கப்பூர் சாங்கி வடக்கு 1.4, கிழக்கு 104.0.

வடக்கு தெற்கு வித்தியாசம் 10.8-லிருந்து 1.4 போக 9.4 பாகை. 111-ஆல் பெருக்கினால் 1043 கிலோமீட்டர்.

கிழக்கு மேற்கு வித்தியாசம் 104.0-லிருந்து 78.7 போக 25.3 பாகை. இதையும் 111-ஆல் பெருக்கினால் 2808. இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குவார்கள். தீர்க்கரேகைகள் பூமத்திய ரேகையில்தான் முழு இடைவெளியோடு நிற்கும். வடக்கே போகப் போக நெருங்கி, துருவத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஆரஞ்சுச் சுளையைப் பாருங்கள், நடுவில் அகலம், காம்பில் கூர்மை. அதனால் இந்த 2808-ஐக் கொஞ்சம் சுருக்க வேண்டும். இரண்டு அட்சரேகைக்கும் சராசரி எடுங்கள், 6.1 வரும். அதன் கொசைன் 0.994. பெருக்கினால் 2791 கிலோமீட்டர்.

இப்போது செங்கோண முக்கோணம் ஒன்று கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் 1043, மறுபக்கம் 2791. பிதாகரஸ் தேற்றம்தான். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 2980 கிலோமீட்டர் சொச்சம்.

கொசைனுக்குக் கைபேசிக் கணிப்பானைப் படுக்கவைத்தால் பொத்தான் தெரியும். பொத்தானைத் தேட விரும்பாதவர்கள் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளலாம்: 5 பாகைக்கு 0.996, 10-க்கு 0.985, 15-க்கு 0.966, 20-க்கு 0.940, 30-க்கு 0.866. நம் ஊரிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்கு இதற்கு மேல் தேவைப்படாது. டெல்லியிலிருந்து டோக்கியோ மாதிரி வடக்கே, நெடுந்தூரம் என்றால் இந்தக் கணக்கு பிசகும். அதற்கு நூல்தான் சரி.

பழைய அட்லஸில் 10° 46′ என்று போட்டிருப்பார்கள். அது 10.46 ஆகாது. 46-ஐ 60-ஆல் வகுத்தால் 0.77, ஆக 10.77. ஆரம்பத்தில் நானே இதில் தவறினேன். வடக்கு தெற்குத் தூரம் 34 கிலோமீட்டர் மாறிவிட்டது.

இந்த ஒரு பாகைக்கு எவ்வளவு நீளம் என்பதை அளக்கத்தான் வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட ஆரம்பித்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெரிய கோணமானி மோதிச் சேதமானது. வாத்தியார் ஐயா இதைச் சொன்ன பிறகு தஞ்சாவூர்ச் சவாரி போகும்போதெல்லாம் கோபுரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

இதே முறையில் நான் போட்டு வைத்திருக்கும் மற்ற தூரங்கள், எல்லாமே திருச்சியிலிருந்து. கோலாலம்பூர் 2690 கிலோமீட்டர். பினாங்கு 2450. கொழும்பு வெறும் 420. சைகோன், அதாவது ஹோ சி மின் நகரம், 3050. சைகோன் விமான நிலையமும் திருச்சி விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 10.8. நம் ஆட்கள் அங்கே தெண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். திருச்சியில் நேர் கிழக்கே பார்த்து நின்றால் கடலுக்கு அப்பால் அந்த ஊர் இருக்கிறது.

இன்னொரு சேதி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2930 கிலோமீட்டர். திருச்சியைவிட 50 கிலோமீட்டர்தான் குறைவு. "மெட்ராஸ் போனா கிட்ட" என்று நினைத்துக் காரைக்குடியிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போகிறவர்களுக்கு இதைச் சொல்வேன். டிக்கெட் விலை குறைந்தால் போங்கள். தூரத்துக்காகப் போகாதீர்கள்.

ரங்கூன் கணக்கு மட்டும் எனக்குத் தனி. திருச்சியிலிருந்து நேர்கோட்டில் 2000 கிலோமீட்டர், சிங்கப்பூரைவிடக் கிட்டே. என் தாத்தா அங்கே ஒரு செட்டியார் கடையில் சமையலுக்கு இருந்தவர். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது புரோம், டாங்கப், அக்கியாப் வழியாக நடந்தும் படகேறியும் சிட்டகாங் வந்து, கல்கத்தாவில் ரயிலேறி ஊர் சேர்ந்தார். மாதக் கணக்கானது. இன்றைக்கு அதே ரங்கூனுக்குத் திருச்சியிலிருந்து போக, கோலாலம்பூரில் மாறினால் 2690-உம் 1690-உம் சேர்ந்து 4380 கிலோமீட்டர் பறக்க வேண்டும். நேர்தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால், "என்ன தூரம்?" என்று யாராவது கேட்டால் "நேரடி விமானமா, மாறிப் போறதா?" என்று திருப்பிக் கேளுங்கள். மாறிப் போவதென்றால் நேர்கோட்டுத் தூரத்தை வைத்து நேரம் சொல்லவே கூடாது. இரண்டு துண்டையும் தனித்தனியே போட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள்.

தூரத்திலிருந்து நேரம்

நம் பக்கம் வருகிற ஏர்பஸ் 320, போயிங் 737 எல்லாம் ஒலி வேகத்தில் 0.78 பங்கு வேகத்தில் பறக்கும். 35,000 அடி உயரத்துக் குளிரில் அது மணிக்கு 830 கிலோமீட்டர். தூரத்தை 830-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, மறுபடி ஊர்ந்து வருவது எல்லாம் அந்த அரை மணிக்குள் அடங்கும்.

2980-ஐ 830-ஆல் வகுத்தால் 3.59. இதை 3 மணி 59 நிமிஷம் என்று படித்துவிடாதீர்கள். 0.59-ஐ 60-ஆல் பெருக்க வேண்டும். 35 நிமிஷம். ஆக 3 மணி 35 நிமிஷம், அரை மணி கூட்டினால் 4 மணி 5 நிமிஷம். அட்டவணையில் இதைவிடச் சில நிமிஷம் கூடப் போட்டிருப்பார்கள். கொஞ்சம் தாமதமானாலும் சொன்ன நேரத்துக்கு வந்து சேர வேண்டும் என்று விமானக் கம்பெனிகள் வைத்துக்கொள்ளும் கைச்சேமிப்பு அது. கோலாலம்பூருக்கு இதே கணக்கில் 3 மணி 45 நிமிஷம். கொழும்புக்கு ஒரு மணி நேரம். அதிலும் பாதி ஏறி இறங்கத்தான்.

பெரியவர்களிடம் கேட்டால் ரஜுலா கப்பல் கதை சொல்வார்கள். சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும், ஒரு வாரம் ஆகும். கப்பலில் கொண்டுபோக அப்பத்தா இடித்துக் கட்டிக் கொடுத்த மாவுருண்டை சிங்கப்பூர் போய்ச் சேரும்வரை வந்ததாம். இப்போது மணகோலமும் கைமுறுக்கும் காரைக்குடியில் காலையில் டின்னில் அடைத்தால் ராத்திரி அங்கே பிரித்துத் தின்கிறார்கள்.

காற்று

"கிழக்கே போறது சீக்கிரம், மேற்கே வர்றது லேட்டு" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். பூமி சுற்றுவதால் என்று காரணமும் சொல்வார்கள். ஓடும் காருக்குள் எலுமிச்சம்பழத்தை மேலே போட்டால் மறுபடி மடியில்தான் விழும். பூமியோடு காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறது. நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மேலே அடிக்கிற காற்று.

அந்தக் காற்று வட நாட்டுக்கு மேலே ஒரு மாதிரி, நமக்கு மேலே வேறு மாதிரி. பனிக்காலத்தில் டெல்லிப் பக்கம் மேலடுக்கில் மேற்கிலிருந்து பலமான காற்று ஓடும். அங்கே கிழக்கே போகிற விமானத்துக்கு லாபம். நம் தலைக்கு மேலே ஜூன் முதல் செப்டம்பர் வரை அதற்கு நேர் எதிர். கீழே ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், மேலே போகப் போகக் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வரும். இதற்கு வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். பி. கோடேஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர் 1958-இல் இதைப் பற்றி எழுதினார்.

எண்ணாகப் பாருங்கள். எதிர்க்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால், போகும்போது 2980-ஐ 770-ஆல் வகுக்க வேண்டும். 3 மணி 52 நிமிஷம். வரும்போது அதே காற்று முதுகில். 890-ஆல் வகுத்தால் 3 மணி 21 நிமிஷம். அரை மணி நேர வித்தியாசம். ஆடி, ஆவணியில் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களை அழைக்கப் போகும்போது நான் இருபது நிமிஷம் முன்னதாகவே கிளம்பிவிடுவேன். மார்கழி, தையில் நமக்கு மேலே காற்று அவ்வளவு பலம் இல்லை, போவதும் வருவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் கணக்கே வேறு. விரிகுடாவில் புயல் இருந்தால் சுற்றிக்கொண்டு வரும். திருச்சியில் மழை கொட்டினால் வானத்திலேயே வட்டமடிக்கும், சென்னைக்கோ மதுரைக்கோ திருப்பிவிடவும் கூடும். அந்த மாதங்களில் எந்த நேரம் சொன்னாலும் "மழையைப் பொறுத்து" என்று சேர்த்தே சொல்லுங்கள்.

கடிகாரமும் தேதியும்

டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரம் புறப்படும் ஊருக்கு, சேரும் நேரம் சேரும் ஊருக்கு. அதில் நீங்கள் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். பறக்கும் நேரம் எவ்வளவு என்று கணக்குப் போடும்போதுதான் வித்தியாசம் வேண்டும்.

சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்தும் வியட்நாமும் ஒன்றரை. மியான்மர் ஒரு மணி. இலங்கைக்கு வித்தியாசமே இல்லை.

சிங்கப்பூரில் 19.00 புறப்பட்டு திருச்சியில் 20.40 சேரும் என்று டிக்கெட்டில் இருக்கும். பார்த்தால் ஒரு மணி 40 நிமிஷம் மாதிரி தெரியும். அதோடு 2.30 கூட்டினால் 4 மணி 10 நிமிஷம். போகும்போது திருச்சியில் 01.00 புறப்பட்டு அங்கே 07.40 சேரும். 6 மணி 40 நிமிஷம் மாதிரி தெரியும். 2.30 கழித்தால் அதே 4 மணி 10. வரும்போது கூட்டு, போகும்போது கழி. பள்ளத்தூர் வீட்டில் ஒருவர் பதினோரு மணி என்பது சிங்கப்பூர் நேரம் என்று தெரியாமல் இரண்டரையைக் கழிக்காமல் விட்டதும், இன்னொருவர் ஏற்கெனவே நம் நேரமாக இருந்த 8.40-இல் கழித்ததும் இங்கேதான்.

கோனாபட்டில் ஒரு ஐயா இருக்கிறார், மலாயாவில் முப்பது வருஷம் இருந்தவர். "ரெண்டு மணி நேரந்தாண்டா வித்தியாசம்" என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். அவர் சொன்னது அவர் காலத்துக்குச் சரி. 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தன. அதற்கு முன் இரண்டு மணிதான். சூரியக் கணக்குப்படி பார்த்தால் காரைக்குடிக்கும் சிங்கப்பூருக்கும் 25 பாகை, பாகைக்கு 4 நிமிஷம் வீதம் ஒரு மணி 40 நிமிஷம்தான் வர வேண்டும். கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுவதால் அங்கே விடிய ஏழு மணி ஆகும். காலை ஆறு மணிக்கு இறங்குகிற பெரியவர்களிடம் "இருட்டா இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

தேதி விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். கார் ஓட்ட ஆரம்பித்த புதிதில் தேவகோட்டைக் குடும்பம் ஒன்று, "14-ஆம் தேதி 00.35 விமானம்" என்று சொல்லியிருந்தார்கள். 14-ஆம் தேதி இரவு என்று நோட்டில் எழுதிக்கொண்டு, 13-ஆம் தேதி இரவு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் மணிக்குப் போன் வந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண், கூட வயதான தாயார். நான் போய்ச் சேரும்வரை கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. குழந்தை மட்டும் அழுது அழுது ஓய்ந்து தூங்கியிருந்தது. அன்றிலிருந்து என் நோட்டில் தேதியைத் தனியாக எழுதுவதே இல்லை. "13 செவ்வாய் ராத்திரி, விடிஞ்சா 14 புதன்" என்று இரண்டு தேதியும் இரண்டு கிழமையும் எழுதுவேன். நள்ளிரவு 12-லிருந்து விடியற்காலை 5 வரைக்கும் எந்த விமானமானாலும் இப்படித்தான் எழுத வேண்டும். வீட்டாரிடமும் அப்படியே திருப்பிச் சொல்லி, ஆமாம் என்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் நாள்

அன்றைக்கு அட்டவணையை நம்பாதீர்கள், விமானம் நிஜமாகவே எத்தனை மணிக்குத் தரையை விட்டது என்று பாருங்கள். பிளைட்ராடார்24 மாதிரிச் செயலியில் விமான எண்ணைப் போட்டால் தெரியும். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், ஒரே ராத்திரியில் சிங்கப்பூரிலிருந்து இரண்டு விமானம் வரும். எண்ணை முன்கூட்டியே டிக்கெட் படத்திலிருந்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். புறப்பட்ட நேரத்தோடு நீங்கள் போட்ட பறக்கும் நேரத்தைக் கூட்டினால் இறங்கும் நேரம். செயலி காட்டும் நேரமும் அதுவும் பத்து நிமிஷத்துக்குள் ஒத்துப்போகும்.

விமானம் தான் இருக்கும் இடத்தைத் தானே அறிவித்துக்கொண்டு பறக்கும். தரையில் இருக்கும் கருவிகள் அதைப் பிடித்துத்தான் படம் காட்டுகின்றன. நடுக்கடலில் கருவி ஏது? அதனால் விரிகுடாவுக்கு நடுவில் படம் சில சமயம் அப்படியே நின்றுவிடும், அல்லது மறைந்துவிடும். ஒரு தடவை ஒரு ஆச்சி இதைப் பார்த்துவிட்டு, நடு ராத்திரியில் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார்கள். கரையை நெருங்கியதும் படம் தானாக வந்துவிடும். இதை வீட்டுப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இறங்கியதும் ஆள் வெளியே வந்துவிடுவதில்லை. குடியேற்றம், பெட்டி, சுங்கம் எல்லாம் முடியக் குறைந்தது 45 நிமிஷம், கூட்டமான ராத்திரியில் ஒன்றேகால் மணி. 2024 ஜூனில் புது முனையம் வந்த பிறகு நெரிசல் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் கோடாலித் தைலமும் மைலோவும் அடைத்த பெட்டி கடைசியாக வந்தால் என்ன செய்ய முடியும்? ஒரு மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாலைக் கணக்கு சுலபம். காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாக 85-லிருந்து 90 கிலோமீட்டர். விமான நிலையம் திருச்சிக்குத் தெற்கே, நாம் வருகிற சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் போக வேண்டியதில்லை. ராத்திரியில் ஒன்றரை மணி, பகலில் ஒன்றேமுக்கால். திரும்பும்போது கீரனூரில் ஒரு டீக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவர்கள் முதலில் கேட்பது அந்த டீயைத்தான். கேதத்துக்கு வருகிறவர்களிடம் மட்டும் நான் எதுவும் கேட்காமல் நிறுத்தாமல் போய்விடுவேன்.

கடைசியாக ஒன்று. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். இறங்கும் நேரம் சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்தே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எண்பது வயது ஆச்சி முகப்பில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். வாசலுக்கு வரும் நேரத்தை மட்டும் சொல்லுங்கள். இன்று ராத்திரிகூட எனக்குக் கானாடுகாத்தான் சவாரி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் விமானம் அவர்கள் நேரத்துக்கு 9.20-க்குக் கிளம்பிவிட்டது. நமக்கு 6.50. நாலு மணி நேரம் கூட்டினால் 10.50. வெளியே வர ஒரு மணி, 11.50. சாலை ஒன்றரை மணி, டீ பத்து நிமிஷம். இப்போதுதான் ஆச்சிக்குப் போன் போட்டேன்: "ஆச்சி, தம்பி ஏறிட்டாக. ஒன்றரை மணிக்கு வாசல்ல இருப்போம். அதுவரைக்கும் படுத்துத் தூங்குங்க, வளவு விளக்கை மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்க."